முழங்கால் உயரச் சுவர்

கலூண்டே ஒரு கையால் ஆற்றை நிறுத்தினாள். மறு கையால் அதை மணலுக்குள் புதைத்து மூடினாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அது ஆறு இல்லை, ஓடை. கையும் இரண்டே இரண்டு இல்லை. அறுபத்து நான்கு பெண்களின் நூற்று இருபத்தெட்டுக் கைகள், அதில் ஒன்று சுளுக்கிக் கிடந்தது. ஆனால் புதைத்தது மட்டும் உண்மை. இன்றைக்கும் முகுயூனி ஓடை மண்ணுக்கு மேலே ஓடுவதைவிட மண்ணுக்குள்ளேதான் அதிக நாள் ஓடுகிறது.

முகுயூ என்றால் காட்டு அத்தி. கரையில் அப்படி ஒரு கிழட்டு அத்தி நிற்பதால் ஓடைக்கு அந்தப் பெயர். வருஷத்தில் இரண்டு மழை. ஒவ்வொரு மழைக்கும் மூன்று நான்கு நாள் ஓடை வெறிபிடித்து ஓடும். மரத்தையும் ஆட்டையும் எவர் வீட்டுக் கூரையையோகூட இழுத்துக்கொண்டு போகும். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் பாறையும் கொஞ்சம் மணலும் கிடக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி.

கலூண்டே அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் பெரிய பஞ்சம். நாங்கள் கம்பா ஜனங்கள், பிள்ளைகளுக்கு வைப்பது போலப் பஞ்சங்களுக்கும் பெயர் வைப்போம். அந்தப் பஞ்சத்துக்கு 'கையில் காசோடு சாகிறேன்' என்று பெயர். வெளியூரில் வேலை பார்த்த ஆண்கள் பணம் அனுப்பினார்கள். கடையில் மாவுதான் இல்லை. அவள் புருஷன் கிலோன்சோ மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். கிறிஸ்துமசுக்கு வருவான், உடுத்த ஒரு துணியும் இடுப்பில் ஒரு பிள்ளையும் கொடுத்துவிட்டுப் போவான். மிச்சம் பதினொரு மாதமும் அவளுக்குத் துணை ஒரு கழுதை.

கழுதைக்கு அவள் 'சீஃப்' என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் வட்டாரத்தின் அரசாங்கத் தலைவருக்கும் அதுதான் பதவி. "நட சீஃப், தின்னத் தெரியுதில்ல, நடக்கத் தெரியாதா" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் நிஜமான சீஃப் சைக்கிளில் எதிரே வந்துவிட்டார். இறங்கி நின்று, யாரையம்மா திட்டுகிறாய் என்று கேட்டார்.

"தண்ணி கொண்டு வர்ற சீஃபைத்தான் ஐயா திட்டறேன். மத்தவரைத் திட்டி என்ன ஆகப்போகுது," என்றாள்.

அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

ஊற்று மலையடிவாரத்தில் இருந்தது. கோழி கூவும்போது கிளம்பினால், நான்கு மஞ்சள் கேன்களோடு திரும்பும்போது உச்சி வெயில் இறங்கியிருக்கும். நடக்கும்போதே பெண்கள் கற்றாழை நாரைத் திரித்துக் கூடை பின்னுவார்கள். போய் வரும் தூரத்தை ஊற்றுக்கு இத்தனை மைல் என்று எவரும் சொன்னதில்லை. கூடையில் இத்தனை சுற்று என்றுதான் கணக்கு. கலூண்டே ஏழு சுற்று பின்னுவாள் என்பார்கள். ஒன்பது என்று நான் எழுதினால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வயலில் வரப்பு போடவும் வீடு மொழுகவும் பெண்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் வேலை செய்வது எங்கள் வழக்கம். முவேத்யா என்போம். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஒரு வருஷம் தேவாலயத்தின் மூலம் சிமெண்ட் வந்தது. ஓடைக்குக் குறுக்கே சுவர் கட்டி மணலைத் தேக்குவது என்று பேச்சு. தண்ணீரைத் தேக்காமல் மணலைத் தேக்குவதாவது என்று கள் குடிக்கும் இடத்தில் ஆண்கள் சிரித்தார்கள். கலூண்டே சிரிக்கவில்லை. ஓடை வற்றிய பிறகும் சீஃப் ஓரிடத்தில் மணலைக் காலால் பறித்து மூக்கை நுழைப்பதை அவள் பார்த்திருந்தாள். மூக்கை எடுக்கும்போது அது ஈரமாக இருக்கும்.

முசெம்பி என்ற கொத்தனார் மச்சாகோஸ் பக்கத்திலிருந்து வந்தார். பேச்சு குறைவு, தொப்பியை மட்டும் அடிக்கடி கழற்றி மாட்டுவார். முதல் நாளே பாறைமேல் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார்.

"இந்த வருஷம் முழங்கால் உசரம். அதுக்கு மேல ஒரு கல்லு வைக்கக் கூடாது."

"ஏன், கல்லுக்குத் தலை சுத்துமா?" என்றாள் கலூண்டே.

"வெள்ளத்துல மணலும் வருது, சேறும் வருது. மணல் கனம், சேறு லேசு. சுவர் தாழ்வா இருந்தா மணல் தங்கிரும், சேறு மேல தாண்டிப் போயிரும். மணல் நெறஞ்சதும் அடுத்த வருஷம் இன்னொரு முழங்கால். அப்புறம் இன்னொண்ணு. ஒரேடியா ஒசத்தினா தண்ணி அப்படியே நிக்கும். நின்ன தண்ணில சேறு அடில உக்காந்துரும். மணலுக்குள்ள இருக்கற தண்ணியைக் கையால தோண்டி எடுக்கலாம். சேத்துக்குள்ள இருக்கறதை எடுக்க முடியாதும்மா."

"மூணு வருஷம்."

"மூணு வருஷம்."

கலூண்டே தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

கல் சுமந்த அந்த மாதங்களைப் பற்றி இப்போது கேட்டால் எல்லாரும் கஷ்டம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், பிறகு முகம் மலர்ந்துவிடுகிறது. மலைச்சரிவிலிருந்து ஓடை வரை பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கல் கைமாறிக் கைமாறி இறங்கும். பாட்டு மேலிருந்து கல்லோடு சேர்ந்து இறங்கும். பெரும்பாலும் மொம்பாசாவில் இருக்கும் புருஷன்மாரைப் பற்றிய பாட்டு. தேவாலயத்தில் பாட முடியாதது. பகலுக்கு மக்காச்சோளமும் பயறும் ஒரே அண்டாவில் வேகும். அப்போது சிறுபிள்ளையான எனக்கு அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

வரிசையில் பெரிய கற்கள் யாவும் சியோம்புவாவுக்கு. உயரமும் தோளும் வாயும் அவளுக்கு அளவுக்கு மீறி இருந்தன. இரண்டு பேர் தூக்கும் கல்லைத் தனியாகத் தூக்குவாள்; தூக்கிக்கொண்டே பின்னால் நிற்பவளைத் திட்டுவாள். கலூண்டேயைவிட மூத்தவள். இருவருக்கும் ஒரு நாள்கூடச் சண்டையில்லாமல் பொழுது சாய்ந்ததில்லை. ஒரு நாள்கூட ஒருத்தியை விட்டு ஒருத்தி வீட்டுக்குப் போனதுமில்லை.

சுவர் முழங்கால் உயரம் வந்தது. அந்த வாரம் கொத்தனாரின் ஊரில் ஒரு சாவு. இரண்டு வாரத்தில் வருகிறேன், காரையை நனைத்துக்கொண்டே இருங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவாலயத்தின் சரக்கறையில் மூன்று வருஷத்துச் சிமெண்டும் அடுக்கியிருந்தது. கலூண்டே போய்க் கூரையைப் பார்த்தாள், ஓட்டை. மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் இறுகத் தொடங்கியிருந்தது. அத்தி மரத்தடிக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டாள்.

"அடுத்த வருஷம் இந்தச் சிமெண்ட் கல்லாயிரும். கல்லாகாதது நடந்து போயிரும், எங்கே போகும்னு எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு அறுபத்து நாலு பேரு இருக்கோம். அடுத்த வருஷம் யாரு இருப்பா, யாருக்குப் பிள்ளை வயித்துல இருக்கும்?"

"கொத்தனாரு வேண்டாம்னாரே," என்றாள் ஒருத்தி.

"கொத்தனாரு தண்ணிக்கு நடக்கறாரா?"

சியோம்புவாதான் முதலில் எழுந்து பாவாடையை இறுக்கினாள். "மூணு வருஷம் காத்திருந்து பிள்ளை பெத்தவளை நான் பார்த்ததில்லே. கல்லை எடுங்கடி."

பன்னிரண்டு நாளில் சுவர் மார்பு உயரம் வந்தது. உச்சியில் நடுக்கல்லை சியோம்புவா தனியாகச் சுமந்து வந்து வைத்தாள். காரை காய்வதற்குள் ஆணியால் தன் பெயரைக் கீறினாள். கொத்தனார் திரும்பி வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்டு நல்லாத்தான் இருக்கு. இனி வெள்ளம் சொல்லும்," என்றார். கூலிக்கு மீதி வேலை இல்லை என்று அன்றைக்கே கிளம்பினார்.

நவம்பரில் வெள்ளம் வந்தது. சுவர் அசையவில்லை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் நின்றது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. சரி, வளைவு வரை. எங்கிருந்தோ வாத்துகள் வந்தன. கள் குடிப்பவர்கள் கரைக்கு வந்து குடித்தார்கள். கிலோன்சோ கிறிஸ்துமசுக்கு வந்தபோது கலூண்டே அவனுக்கு ஓடையைக் காட்டி, "மொம்பாசாவுல இவ்வளவு இருக்கா?" என்று கேட்டாள். அவன் அப்போதுதான் கடலைப் பார்த்துவிட்டு வந்தவன். இருந்தாலும் இல்லை என்றான். நல்ல மனிதன்.

ஜனவரி வெயில் அந்தத் தண்ணீரைக் குடித்தது. அடியில் மணல் இல்லை. இடுப்பளவுக்குக் கறுத்த சேறு. மேலே ஓடு போல வெடித்திருந்தது, உள்ளே கொழகொழவென்று. பெண்கள் குழி தோண்டினார்கள். குழி தன்னைத்தானே மூடிக்கொண்டது. தண்ணீர் அங்கேதான் இருந்தது. கையில் வரவில்லை.

ஒரு காலையில் சியோம்புவாவின் கன்றுக்குட்டி அதில் இறங்கி வயிறு வரை புதைந்துவிட்டது. கயிறு கட்டி, பலகை போட்டு, சீஃபையும் பூட்டி இழுத்து வெளியே எடுப்பதற்குள் மதியம். எல்லாரும் தலை முதல் கால் வரை சேறு.

"முவேனி அம்மா," என்றாள் சியோம்புவா. கலூண்டேயின் மூத்த மகள் பெயர் முவேனி. கோபம் முற்றினால்தான் அவள் அப்படி முறையாகக் கூப்பிடுவாள். "நீ கட்டினது அணை இல்லே. களி கிண்டற பானை."

"நீயும்தானே கல்லு வெச்சே."

"நீ சொல்லித்தானே வெச்சேன். இனி நீ வாயைத் திறந்தா நான் காதைப் பொத்திக்குவேன்."

மறு வாரத்திலிருந்து முறைவேலைக்கு வரும் பெண்கள் குறைந்தார்கள். ஐம்பது, முப்பது, கடைசியில் பதினேழு. ஏப்ரல் மழையும் பொய்த்தது, எல்லாரும் மறுபடி ஊற்றுக்கு நடந்தார்கள். கலூண்டேயும் நடந்தாள், சற்றுப் பின்னால், தனியாக. அந்த மாதங்களில் அவள் சீஃபைக்கூடத் திட்டவில்லை.

கன்றை இழுத்த அன்றைக்குக் கழுதையின் காலைக் கழுவிய இடத்தில், அடுக்களைக்குப் பின்னால், யாரோ தின்று போட்ட மாங்கொட்டை ஒன்று கிடந்தது. கழுவிய தண்ணீரும் அந்தச் சேறும் போதுமாக இருந்திருக்கிறது. சில வாரங்களில் முளைவிட்டு, ஊரில் பச்சை என்றால் என்ன என்று எல்லாரும் மறந்திருந்த நேரத்தில் அது பச்சையாக நின்றது. கலூண்டே குனிந்து மண்ணைத் தொட்டாள். விரலால் நசுக்கினாள். பிறகு சந்தைக்குப் போய், தேநீர்க் கடையில் வெட்டி எறிந்த பால் பாக்கெட்டுகளைக் கோணி நிறையப் பொறுக்கிவந்தாள். கடைக்காரன் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து ஒரு தேநீர் சும்மா கொடுத்தான்.

இருபது பாக்கெட், இருபது மாங்கொட்டை. குடிக்கும் தண்ணீரில் ஒரு குவளையை அவற்றுக்குப் பங்கு வைத்தாள். சந்தையில் வேளாண் அலுவலர் ஒட்டுக்கட்டிக் காட்டியதை ஓரமாக நின்று பார்த்துவந்து, சவரத் தகட்டால் தானும் கட்டினாள். ஒன்பது பிழைத்தன.

செப்டம்பரில் கொத்தனார் வேறு ஊருக்குப் போகும் வழியில் வந்தார். சுவரைச் சுற்றி நடந்தார்.

"நவம்பருக்குள்ள இதை முழங்காலுக்கு இறக்குங்க. சேத்தை முடிஞ்சவரை வாருங்க. மிச்சத்தை வெள்ளமே வாரிட்டுப் போயிரும், மணலை விட்டுட்டுப் போகும். இன்னொரு மழை இப்படியே பெஞ்சா சேறு சுவர் உச்சிக்கு வந்துரும். அப்புறம் இந்த ஓடை உங்களுக்கு இல்லே."

உடைக்க வேண்டும். சுமந்த கல்லை, பாடி வைத்த கல்லை, தாங்களே உடைக்க வேண்டும்.

கலூண்டே வீடு வீடாகப் போனாள். அத்தி மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள், பெரும்பாலும் வேடிக்கை பார்க்க. அவள் நடுவில் நின்றாள்.

"தப்பு என்னோடது. கொத்தனாரு சொன்னது எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் செஞ்சேன். கால் வலிச்சுது, அதான்."

இப்படி ஒருத்தி சபையில் சொல்லி எவரும் கேட்டதில்லை.

"அதுக்காகச் சுவரை உடைக்கறதா?" என்றாள் சியோம்புவா. "உன் பேச்சைக் கேட்டுக் கட்டினோம், உன் பேச்சைக் கேட்டு உடைக்கணுமா? நாளைக்குப் பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது, உங்கம்மாங்க மூளையை மொம்பாசாவுக்கு அனுப்பிட்டாங்கன்னா?"

"என்ன வேணா சொல்லு அக்கா. மழை வர ஏழு வாரம் இருக்கு."

"என் தோள்ல இன்னும் தழும்பு இருக்குடி."

"தெரியும்."

கலூண்டே கூடையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்து நடுவில் வைத்தாள். ஒரு முழ உயரத்தில் ஒட்டுமாங்கன்று. கூட்டம் கழுத்தை நீட்டியது. அந்த வருஷம் எவர் தோட்டத்திலும் இலை என்று ஒன்று இல்லை.

"இது அந்தக் களிப்பானைல வெந்தது. யாரு எவ்வளவு சேறு வாரறாங்களோ, அது அவங்களுக்கு. பாக்கெட்டு நான் தர்றேன். ஒட்டுக்கட்டறது நான் சொல்லித் தர்றேன். மழைக்கு முந்தி சந்தையில கன்னு தேடி அலையறாங்க. தண்ணி வரலேன்னாலும் கன்னு இருக்கும்."

"தண்ணி வரலேன்னா கன்னுக்கு எதை ஊத்துவே, உன் வாயையா?" என்றாள் ஒரு கிழவி. சிரிப்பு எழுந்தது. பல மாதத்துக்குப் பிறகு அந்த மரத்தடியில் எழுந்த சிரிப்பு அது.

மறுநாள் காலை சுவரடியில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். கலூண்டே சம்மட்டியைத் தூக்கினாள். எல்லாரும் பார்க்க, உச்சியின் நடுக்கல்லில், பெயர் கீறிய அந்தக் கல்லில், முதல் அடி அவள்தான் அடித்தாள். மலை எதிரொலித்தது. சியோம்புவா கையைக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றாள். வெயில் ஏறி, மற்றவர்கள் பாதி உடைத்த பிறகுதான் இறங்கி வந்தாள். ஏழு வாரமும் பெண்கள் சேறு சுமந்தார்கள். இந்த முறை கல் கீழிருந்து மேலே போயிற்று. பாட்டும் போயிற்று, ஆனால் வேறு பாட்டு. அது கலூண்டேயைப் பற்றியது. அதையும் தேவாலயத்தில் பாட முடியாது.

நவம்பர் வெள்ளம் முழங்கால் சுவரை மிதித்துத் தாண்டிப் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு பெண்கள் ஓடைக்கு வரப் பயந்தார்கள். கலூண்டே போய் நின்றாள். மணல். மக்காச்சோள மணி பருமனில், வெளுத்த மணல், சுவரின் விளிம்பு வரை. முழங்காலிட்டுக் கையால் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம். குழியின் அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி வந்து நின்றது. வானம் அதில் தெரிந்தது. பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற சீஃபின் முகம் தெரிந்தது. கழுதை சிரித்தது என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே எழுதவில்லை.

அடுத்த வருஷம் ஒரு முழங்கால், அதற்கடுத்த வருஷம் ஒரு முழங்கால். உடைத்த கற்களே திரும்பப் போயின. கலூண்டேயின் பாக்கெட்டுகள் நூறாகி ஆயிரமாயின. நாற்பது வீட்டில் நாற்றுப்பந்தல் வந்தது. மழைக்கு முந்தைய சந்தை நாளில் முகுயூனிப் பெண்கள் கழுதைமேல் கன்றுகளோடு வருவதைப் பார்த்தால், ஒரு தோப்பு எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். கிலோன்சோ மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு வந்து கன்றுக்கு மண் நிரப்பினான். பன்னிரண்டு மாதமும் வீட்டில் இருந்தான். அதைப் பற்றிக் கலூண்டே குறை சொல்லத் தொடங்கியதும் அப்போதுதான். பிறகு ஒரு பஞ்சம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மாடுகள் செத்தன. இந்தப் பக்கம் பெண்கள் முள்வேலி போட்ட குழியைச் சுற்றி உட்கார்ந்து, முறை வரும் வரை கூடை பின்னினார்கள். இரண்டு சுற்று முடிப்பதற்குள் முறை வந்துவிட்டது.

இப்போது மணலுக்குள் குழாய் புதைத்திருக்கிறார்கள். வெயிலில் ஓடும் பம்பு, மேட்டில் தொட்டி, வீட்டுப் பக்கத்திலேயே குழாய்வாய். நல்லதுதான். ஆனால் காலை வேளையில் ஓடையில் ஆள் அரவம் இல்லை. அந்த அத்திமரத்தடியில் உட்கார்ந்து யாரையாவது திட்ட வேண்டுமென்றால் மரத்தைத்தான் திட்ட வேண்டும். சீஃப் கிழமாகிச் செத்தது. சியோம்புவா போய் மூன்று வருஷம். அவளை அடக்கம் செய்த இடத்தில் கலூண்டே ஒரு மாங்கன்று வைத்தாள். போன வருஷம் காய்த்தது. பழம் புளிப்பு. அவள் வாய்தான் என்றார்கள்.

இதை எழுதி முடித்துக் கலூண்டேக்கு வாசித்துக் காட்டினேன். மடியில் முறத்தை வைத்துத் துவரை உரித்துக்கொண்டே கேட்டாள். வாத்துக்குச் சிரித்தாள். ஒன்பது சுற்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சம்மட்டி வந்த இடத்தில் உரிப்பதை நிறுத்தினாள்; முடியும் வரை பொறுத்திருந்தாள்.

"முதல் அடி நான் அடிக்கலே," என்றாள்.

"நீதானே சம்மட்டியை எடுத்தே?"

"எடுத்தேன். தூக்கினேன். அவ பேரு கீறின கல்லு. கை இறங்கலே. அவ கரைல இருந்து வந்து புடுங்கினா. 'தள்ளுடி, நீ அடிச்சா இது உடையாது, ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு நிப்போம்'னா. தன் பேரு மேலேயே அடிச்சா, மூணு அடி. நான்தான் கரைல நின்னேன், வெயில் ஏறற வரைக்கும்."

முறத்தைத் தட்டி, தோலை ஊதிவிட்டாள்.

"அவ இல்லேங்கறதுக்காக அவ அடியை எனக்கு எழுதாதே."